வயல்ல போட்ட லிங்க்ஸ், லிங்க்ஸ்தானா? கிங்ஸ்பார்ன்ஸ் பத்தின கேள்விக்கு பதில்

நீங்க கேட்டதை என் வார்த்தையில ஒரு தடவை சொல்லிடுறேன், சரியா புரிஞ்சிருக்கேனான்னு பாருங்க. ஸ்காட்லாந்துல நடக்குற டன்ஹில் லிங்க்ஸ் கோல்ஃப் போட்டிய டிவில பாத்திருக்கீங்க, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ், கார்னூஸ்டி, கிங்ஸ்பார்ன்ஸ்னு மூணு இடத்துல ஆடுறாங்க, மூணையும் லிங்க்ஸ்னுதான் சொல்றாங்க, ஆனா கிங்ஸ்பார்ன்ஸ் இப்ப இருக்கிற மாதிரி திறந்ததே 2000லதான், அதுக்கு முன்னாடி அது வயலும் மேய்ச்சல் நிலமுமா கிடந்துச்சுன்னு படிச்சிருக்கீங்க. அப்ப அந்த மணல் மேடெல்லாம் புல்டோசர் வச்சு பண்ணதுதானே, அதைப் போய் லிங்க்ஸ்னு சொல்றது ஏமாத்து வேலை இல்லையான்னு கேக்குறீங்க. கூடவே, தங்கச்சி செயின்ட் ஆண்ட்ரூஸ்ல படிக்கிறாங்க, அவங்களைப் பாக்கப் போறப்ப அங்க என்னத்தைப் பாக்கணும்னும் கேட்டிருக்கீங்க. இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. லிங்க்ஸ்னா என்னன்னு ஒண்ணு. அதை மனுசன் உண்டாக்க முடியுமான்னு இன்னொண்ணு. முதல் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க, ரெண்டாவதுக்கு மண்ணே பதில் சொல்லிடும்.

நான் யாருன்னும் சொல்லிடுறேன். கோயம்புத்தூர்ல அக்ரி முடிச்சிட்டு ஸ்காட்லாந்துல டர்ஃப், அதாவது விளையாட்டுப் புல்தரை பராமரிப்பு, படிச்சேன், 16 வருசமா கோல்ஃப் கோர்ஸ் மண்ணு, புல்லு, வடிகால் இதுதான் பொழப்பு. டிசைனர் இல்ல. எந்த ஹோல் (அடிக்க ஆரம்பிக்கிற இடத்துல இருந்து பந்து விழ வேண்டிய குழி வரைக்கும் ஒரு ஹோல்) அழகு, எந்த பங்கர், அதாவது மணல் பள்ளம், எங்க இருக்கணும்ங்கிறதுல எனக்கு அபிப்ராயம் மட்டும்தான் உண்டு, மண்ணைப் பத்தி சொல்றதை மட்டும் கொஞ்சம் அழுத்தமா எடுத்துக்கோங்க. கிங்ஸ்பார்ன்ஸ்ல நான் வேலை பாத்ததில்ல, நாலஞ்சு தடவை நடந்திருக்கேன். ஆனா அதே மாதிரி வயலா இருந்த நிலத்துல வேலை பாத்திருக்கேன்.

லிங்க்ஸ்ங்கிற வார்த்தைக்கு கடலையும் வயலையும் இணைக்கிற நிலம்னு ஒரு விளக்கம் எல்லாரும் சொல்வாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது பழைய ஆங்கிலத்துல மேடு, கரைன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லுல இருந்து வந்தது. ஸ்காட்லாந்துல கடற்கரையை ஒட்டி மணல் மேடு மேடா, மெல்லிசா புல்லு மூடி, உழுதா ஒண்ணும் விளையாத ஒரு துண்டு நிலம் இருக்கும், நம்ம தேரிக்காட்டை மனசுல வச்சுக்கிட்டு அதுக்கு மேல குளிர்காத்தும் குட்டைப் புல்லும் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட வந்துடும். பயிர் வைக்க லாயக்கில்லாததால ஆடும் முயலும் மேயுறதுக்கு விட்டுட்டாங்க, ஊர்க்காரங்க அங்க துணி காயப்போட்டாங்க, பந்தும் அடிச்சாங்க. அப்படி வந்ததுதான் கோல்ஃப். அந்த நிலம் சத்தில்லாத நிலம்ங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா நான் சொல்லப் போறது பூரா அதைச் சுத்தித்தான்.

கிங்ஸ்பார்ன்ஸ் எங்க இருக்குன்னா, செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இருந்து தென்கிழக்கா பத்து கிலோமீட்டர் சொச்சம், ஃபைஃப் கடற்கரையில, காம்போ எஸ்டேட் நிலத்துல. ஊர் பேருலயே விவசாயம் இருக்கு, ராஜாவோட தானியக் களஞ்சியங்கள் இருந்த இடம்னு அர்த்தம், ஃபாக்லண்ட் அரண்மனைக்கு தானியம் இங்க இருந்து போச்சுன்னு சொல்வாங்க. அந்தப் பக்கம் இன்னைக்கும் பார்லி, உருளைக்கிழங்கு, கடுகு மாதிரி மஞ்சளா பூக்குற ரேப் பயிர்னு செழிப்பா இருக்கும். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி அது வெறும் வயலா மட்டும் இருந்ததும் இல்ல. 1793லயே கிங்ஸ்பார்ன்ஸ்ல ஒரு கோல்ஃப் சங்கம் இருந்திருக்கு. 1922ல வில்லி ஆக்டர்லோனிங்கிறவர் அங்க ஒன்பது ஹோல் கோர்ஸ் போட்டுக் கொடுத்தார், இவர் 1893ல பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்ச செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர். 1939ல யுத்தம் வந்ததும் கடற்கரைப் பாதுகாப்புக்குன்னு எடுத்து கண்ணிவெடி புதைச்சிட்டாங்க, கோர்ஸ் போச்சு. அதுக்கப்புறம் அறுபது வருசம் வயலும் மேய்ச்சலும்தான். அப்புறம் மார்க் பார்சினன், ஆர்ட் டங்க்லின்னு ரெண்டு பேர் முயற்சி எடுத்து, கலிஃபோர்னியாக்காரர் கைல் ஃபிலிப்ஸ் டிசைன் பண்ணி, 2000ல திறந்தாங்க. அடுத்த வருசமே டன்ஹில் லிங்க்ஸ் அங்க வந்துடுச்சு, 2017ல பெண்கள் பிரிட்டிஷ் ஓபனும் அங்கதான் நடந்துச்சு.

இப்ப அந்த இடத்தோட அமைப்பைப் பாருங்க. பனியுகத்துல ஸ்காட்லாந்து மேல கிலோமீட்டர் கணக்குல பனி உக்காந்திருந்துச்சு, அந்த பாரத்துல நிலமே அமுங்கிப் போச்சு, பனி உருகினதும் மெதுவா எழும்ப ஆரம்பிச்சது. அதனால பழைய கடற்கரையெல்லாம் இன்னைக்கு கடல் மட்டத்துக்கு மேல படிக்கட்டு மாதிரி நிக்குது. கடல் ஓரமா ஒரு தட்டு, அங்க மணல் கலந்த மண்ணு, பின்னாடி ஒரு சரிவு, அது பழைய கடலோரச் சரிவுதான், அதுக்கு மேல இன்னொரு தட்டு, அங்க கனமான வயல் மண்ணு. லிங்க்ஸா ஆக வேண்டிய குணம் கீழ்த் தட்டுல கொஞ்சம் ஏற்கனவே இருந்துச்சு. மேல்தட்டுல எதுவும் இல்ல, ஏர் ஓட்டி ஓட்டி சமமாக்கி வச்ச நிலம். ஃபிலிப்ஸ் செஞ்ச பெரிய வேலையே என்னைப் பொறுத்தவரை மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒட்டு தெரியாம தைச்சதுதான். மேல நின்னா கடல் தெரியுது, கண்ணு நேரா மணல் மேட்டு வரிசையில போய் கடல்ல விழுது, நடுவுல இருக்கிற சரிவு எங்க ஆரம்பிக்குதுன்னே பிடிபடாது. நான் முதல் தடவை போனப்ப கூட இருந்த சீனியர் ஒருத்தர், இதுல எது கடவுள் போட்டது, எது டோசர் போட்டதுன்னு காட்டுன்னு சொன்னார், பத்து இடம் காட்டினேன், பாதிக்கு மேல தப்பு. அதுக்கப்புறம் நான் மேட்டோட உச்சியைப் பாக்குறதை விட்டுட்டு அடிவாரத்தைப் பாக்க கத்துக்கிட்டேன். மோசமா செஞ்ச மேடு தரையில வச்ச கிண்ணம் மாதிரி சட்டுனு முடியும். காத்து குவிச்ச மேடு அப்படி முடியாது, ரொம்ப தூரம் இழுத்துக்கிட்டுப் போய் எங்கயோ கரைஞ்சிடும். டோசர் ஓட்டுற ஆளை அந்த வேலையில ஷேப்பர்னு சொல்வாங்க, அந்த இழுப்பைக் கையில வச்சிருக்கிறவன் ஆயிரத்துல ஒருத்தன்.

வடிவத்தை ரெண்டு வருசத்துல கொண்டு வந்துடலாம். காசும் நல்ல ஷேப்பரும் இருந்தா போதும். மண்ணு அப்படி இல்ல.

ஒரு விவசாயி நல்ல நிலம்னு எதைச் சொல்வாரோ அது எங்களுக்கு ஆகாத நிலம். லிங்க்ஸ் புல்லு ஃபெஸ்க்யூன்னு ஒண்ணு, ஊசி மாதிரி மெல்லிசா இருக்கும், கூட பென்ட்னு இன்னொரு புல்லு. ஃபெஸ்க்யூக்கு பட்டினி பிடிக்கும். சத்து குறைஞ்ச, சீக்கிரம் காயுற மணல்ல மத்த புல்லெல்லாம் செத்துப் போற இடத்துல இது மட்டும் தாக்குப்பிடிக்கும், அதனாலதான் அங்க அது ராஜா. நல்ல மண்ணைக் கொடுத்துப் பாருங்க, ரை புல்லும் போவான்னு நாங்க சொல்ற வருடாந்திர புல்லும் வந்து மூணு நாலு வருசத்துல அதை முழுங்கிடும். அங்க கோதுமைக்கு வருசத்துக்கு ஹெக்டேருக்கு 200 கிலோ வரைக்கும் நைட்ரஜன் போடுவாங்க. ஃபெஸ்க்யூ ஃபேர்வேக்கு (ஹோல் நெடுக குட்டையா வெட்டி வச்ச புல்தரை) 40 கிலோவுக்கு மேல போகணும்னா நான் ரெண்டு தடவை யோசிப்பேன், சில வருசம் ஒண்ணுமே போடாம விடுறதும் உண்டு. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, அறுபது வருசம் உரம் போட்டு, தொழு உரம் போட்டு, மாடு மேய்ச்ச நிலத்துல எவ்வளவு பாஸ்பரஸ் ஏறி உக்காந்திருக்கும். அது மழையில கழுவிட்டுப் போற சாமான் இல்ல. அதனால அந்த மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டு மணல் போடணும், இல்லன்னா எடுத்த மண்ணை மேட்டுக்கு உள்ள புதைச்சிடணும்.

எங்க அப்பா விவசாயி. எங்க நிலத்துல ஒரு சாண் கறுப்பு மேல்மண்ணு சேர தாத்தா காலத்துல இருந்து ஆட்டுக்கிடை போட்டு பாடுபட்டாங்க. முதல் தடவை ஒரு சைட்ல ஸ்க்ரேப்பர் வந்து அந்த மாதிரி மண்ணை வழிச்சுக் குவிக்கிறதை நின்னு பாத்தப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சது, அதை இன்னும் மறக்கல. நல்ல விளைநிலத்தை இதுக்கு எடுக்கலாமான்னு உங்களுக்குள்ள ஒரு கேள்வி இருந்தா அது நியாயமான கேள்விதான். என் நிலைப்பாடு, கடலோரமா உப்புக்காத்து அடிச்சு விளைச்சல் கம்மியா இருக்கிற விளிம்புல போடுறதுன்னா சரி, உள்ள இருக்கிற முதல்தர நிலத்துல வேண்டாம். இதுல என்கூட வேலை பாக்குறவங்களே நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க.

சத்து ஒரு பிரச்சனைன்னா, தண்ணி அதை விடப் பெரிய பிரச்சனை. வருசாவருசம் ஒரே ஆழத்துல உழுத நிலத்துல கலப்பை போற ஆழத்துக்குக் கீழ கல்லு மாதிரி ஒரு அடுக்கு இறுகிப் போயிடும், நம்ம ஊர்ல உளிக் கலப்பை போட்டு உடைக்கிறது இதைத்தான். அதுக்கு மேல கட்டுமான சமயத்துல டம்பரும் டோசரும் ஈரத்தோட ஓடி இன்னும் இறுக்கிடும். இது போக ஸ்காட்லாந்து வயல்ல அடியில பழைய களிமண் ஓட்டுக் குழாய் வடிகால் போட்டிருப்பாங்க, நூறு நூத்தம்பது வருசப் பழசு, பாதிக்கு மேப்பே கிடையாது, வெட்டும்போது தெரியாம உடைச்சிடுவோம், அடுத்த மழைக்காலத்துல சம்பந்தமே இல்லாத ஃபேர்வேல ஊத்து கிளம்பும். இதெல்லாம் சரி பண்ணாம மேல மட்டும் மணல் பரப்பினா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். பேர் வேண்டாம், ஒரு புது கோர்ஸ், அதுவும் வயல்தான். பட்ஜெட் இழுத்துடுச்சுன்னு ஃபேர்வேல 30 சென்டிமீட்டர் போட வேண்டிய மணலை 10ல நிறுத்திட்டாங்க, அடி அடுக்கையும் உடைக்கல. முதல் கோடையில அற்புதமா இருந்துச்சு, பந்து கல்லுத் தரையில ஓடுற மாதிரி ஓடுச்சு, எல்லாரும் ஃபோட்டோ எடுத்துப் போட்டாங்க. மூணாவது குளிர்காலத்துல என்னைக் கூப்பிட்டாங்க. ஒரு அடி நீளத்துல குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கு, அதைத் தரையில குத்தித் திருகி எடுத்தா மண்ணு அப்படியே கம்பி மாதிரி வரும். வந்துச்சு. மேல நாலு விரல்கடை மஞ்சள் மணல், அதுக்குக் கீழ கரிக்கட்டை மாதிரி கறுப்பா ஒரு பட்டை, அதுக்கும் கீழ சாம்பல் நிறக் களி. அந்தக் கறுப்புப் பட்டையை மூக்குகிட்ட கொண்டு போனா அழுகின முட்டை நாத்தம். மணல்ல இறங்கின தண்ணி களிமேல வந்து நின்னுடுது, காத்துப் போகாம அங்க கந்தகத்துல வாழுற பாக்டீரியா வேலை செய்ய ஆரம்பிச்சிடும், வேர் அந்தப் பட்டையைத் தொட்டதும் திரும்பிடும். ஃபெஸ்க்யூ போய் அங்க பூரா போவா. டிவில பாத்தா அப்பவும் அது லிங்க்ஸ்தான், மேடு இருக்கு, பங்கர் இருக்கு, நீளப் புல்லு ஆடுது. கால் வச்சா பிசுபிசுன்னு அமுங்கும்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், பிறப்பைப் பாக்காதீங்க, தரையைப் பாருங்க. பந்து விழுந்து துள்ளி ஓடணும், கிரீனுக்கு, அதாவது குழி இருக்கிற மழமழன்னு வெட்டின புல்தரைக்கு, முப்பது கெஜம் வெளியில இருந்து பட்டரை (பந்தை உருட்டுற மட்டை) எடுத்து உருட்ட முடியணும், ஜனவரி மழைக்கு மறுநாள் ஷூ காஞ்சு இருக்கணும். காத்து அடிக்கும்போது பந்தைத் தரையோட அனுப்புறதுக்கு வழி இருக்கணும், அது இல்லாம காத்து மட்டும் இருந்தா அது தண்டனை. இது எல்லாம் கிங்ஸ்பார்ன்ஸ்ல இருக்கு. காரணம் மண்ணுலயும் புல்லுலயும் அவங்க கஞ்சத்தனம் பண்ணல, ஓல்ட் கோர்ஸைப் பல வருசம் பாத்துக்கிட்ட வால்ட்டர் வுட்ஸைக் கூட யோசனைக்கு வச்சிருந்தாங்க. ஆனா நிலவியல் ஆளைக் கேட்டீங்கன்னா அது லிங்க்ஸ் இல்லன்னுதான் சொல்வார், காத்தும் கடலும் குவிச்ச மணல்தான் லிங்க்ஸ், மேல்தட்டு அப்படி இல்லையேம்பார், அவர் சொல்றதும் தப்பில்ல. இந்த இடத்துல உறுதியான பதில்னு ஒண்ணு கிடையாது, அளவுகோலை எதுல வைக்கிறோம்ங்கிறதைப் பொறுத்தது.

ஆனா புல்டோசர் தொட்டா லிங்க்ஸ் இல்லன்னு சொல்றவங்ககிட்ட நான் ஸ்காட்லாந்து மேற்குக் கரையில இருக்கிற டர்ன்பெர்ரி கோர்ஸைக் காட்டுவேன். யாரும் அதை லிங்க்ஸ் இல்லன்னு சொன்னதில்ல, 1977 பிரிட்டிஷ் ஓபன்ல டாம் வாட்சனும் ஜாக் நிக்லஸும் மோதினது அங்கதான். ரெண்டாம் உலக யுத்தத்துல அந்தக் கோர்ஸ் மேல விமான ஓடுபாதை போட்டுட்டாங்க, கான்கிரீட்டு. மெக்கன்சி ராஸ்ங்கிறவர் அதை உடைச்சு அள்ளி, மண்ணு போட்டு, மேடு பள்ளத்தைத் திரும்ப உருவாக்கி 1951ல திறந்தாங்க. ஓல்ட் கோர்ஸ்லயே 18வது கிரீனைப் போட்டது அந்தக் காலத்துல அந்தக் கோர்ஸைப் பாத்துக்கிட்ட ஓல்ட் டாம் மோரிஸ், கைவேலைதான். அளவு வேற, அது உண்மை, நூறு பேர் மண்வெட்டியில செஞ்சதும் மொத்த வயலையும் புரட்டினதும் ஒண்ணு இல்ல. கை படாத லிங்க்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு நினைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொரு கோர்ஸையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்குக் கிழக்க குன்று மேல கேஸில் கோர்ஸ்னு இருக்கு, 2008ல திறந்தாங்க, டேவிட் மெக்லே கிட் டிசைன், அதுவும் உருளைக்கிழங்கு வயல்தான். இதே மனுசன்தான் 1999ல அமெரிக்காவுல ஆரிகன்ல பேண்டன் டியூன்ஸ் போட்டார், அங்க நிஜ மணல்மேடு, நிலம் என்ன சொல்லுச்சோ அதைக் கேட்டார். இங்க நிலம் எதுவும் சொல்லல, எல்லாத்தையும் அவரே உண்டாக்க வேண்டியதாப் போச்சு. ஆரம்பத்துல கிரீன் அலை அலையா ரொம்ப அதிகமா இருக்குன்னு பெரிய எதிர்ப்பு வந்துச்சு, ஃபேர்வே நடுவுல இருந்த கரடான குட்டி மேடுகளைப் பின்னாடி எடுத்தாங்க, கிரீன்களையும் கொஞ்சம் தணிச்சாங்க. எனக்கு அந்தக் கோர்ஸ் பிடிக்கும், காட்சி பிரமாதமா இருக்கும். ஆனா அங்க எல்லா இடத்துலயும் ஏதோ ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கு, நிஜ லிங்க்ஸ்ல நூறு கெஜத்துக்கு ஒண்ணுமே நடக்காத வெறும் தரை வரும், அந்த வெறுமையை விட்டு வைக்க டிசைனருக்குத் துணிச்சல் வேணும். கிங்ஸ்பார்ன்ஸ்ல அது ஓரளவு இருக்கு, இது ரசனை விஷயம், நீங்க வேற மாதிரி நினைக்கலாம்.

நாள் போகப் போக என்ன ஆகும்ங்கிறதுதான் எனக்கே இன்னும் முடிவு தெரியாத விஷயம். இந்த வயல் லிங்க்ஸ் எல்லாத்துக்கும் வயசு முப்பதுக்குள்ளதான். வருசம் பூரா சுற்றுலாக்காரங்க நடந்து மிதிக்கிற இடத்துல ஃபெஸ்க்யூ ரொம்ப நாள் நிக்குறது கஷ்டம், மிதிபடுறதை அது தாங்காது. மணல் மேல வருசாவருசம் செத்த புல்லு மக்கி புதுசா ஒரு மேல்மண்ணு உருவாகிக்கிட்டே இருக்கும், அதைக் குத்தி எடுத்து மணல் தூவிக்கிட்டே இருக்கணும். அதாவது நிலம் திரும்ப வயலாகப் பாக்குது, கோர்ஸைப் பராமரிக்கிற கிரீன்கீப்பர் தினமும் அதைத் தடுத்துக்கிட்டே இருக்கார்.

நீங்க போறப்ப இதைச் செய்ங்க. ஞாயித்துக்கிழமை பொதுவா ஓல்ட் கோர்ஸ்ல ஆட்டம் கிடையாது, ஊர்க்காரங்க நாயைக் கூட்டிக்கிட்டு நடப்பாங்க, நீங்களும் தாராளமா நடக்கலாம். ஃபேர்வேல குனிஞ்சு ஒரு புல்லைக் கிள்ளி ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டுங்க, ஊசி நூல் மாதிரி உருண்டா ஃபெஸ்க்யூ. தட்டையா இருந்து அடிப்பக்கம் பளபளன்னு மின்னினா ரை, நுனி படகு மூக்கு மாதிரி குவிஞ்சிருந்தா போவா. குதிகாலால ஒரு தடவை தரையை மிதிச்சுப் பாத்து அந்த உணர்வை ஞாபகம் வச்சுக்கோங்க. அப்புறம் தங்கச்சியோட பஸ் ஏறி கிங்ஸ்பார்ன்ஸ் போங்க, ஃபைஃப் கடலோர நடைபாதை கோர்ஸை ஒட்டியே கடல் பக்கமாப் போகுது, காசு கிடையாது, ஆட்டக்காரங்களுக்கு மட்டும் இடைஞ்சல் பண்ணக் கூடாது. பாதை ஓரத்துலயே ஒரு புல்லைக் கிள்ளி உருட்டிப் பாருங்க, மேல்தட்டுல மேடுங்களோட அடிவாரத்தை நின்னு நிதானமாப் பாருங்க. முடிஞ்சா மழை பெஞ்சதுக்கு மறுநாள் போங்க. பாத்துட்டு வந்து எது நிஜம், எது போட்டதுன்னு உங்களுக்குத் தோணினதை இங்கயே எழுதுங்க, நான் அன்னைக்குத் தப்பா காட்டின இடங்களையும் சொல்றேன்.